முகம் தெரிகிறது, யாரென்றுதான் தெரியவில்லை

கல்யாண வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளிலேயே கொடுமையானது இது: "மாமா, என்னைத் தெரியுதா? சொல்லுங்க பார்ப்போம்." கொஞ்ச நாள் முன்பு ஒரு வரவேற்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டார். அப்பாவுக்கு வயது 73. "தெரியாம என்ன, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, சாப்டாச்சா?" என்று சமாளித்து அனுப்பிவிட்டு, பந்திக்குப் போகிற வழியில் என் காதோரம் வந்து "யார்றா அது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. "முகம் நல்லாத் தெரியுது. நிறைய தடவை பேசியிருக்கேன். எங்கேன்னுதான் வரமாட்டேங்குது" என்று சாப்பிட்டு முடிக்கிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பார்த்த முகமா இருக்கு" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் ஒரு முழு ஆராய்ச்சித் துறை அடங்கியிருக்கிறது. முகம் பதிந்திருக்கிறது, ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டிய பேர், ஊர், சந்தர்ப்பம் எதுவும் கூட வரவில்லை. வயசானால் ஞாபகம் குறையும் என்று மொத்தமாக ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம், ஆனால் எல்லாம் ஒரே அளவில் குறைவதில்லை. தனித்தனி விஷயங்கள் ஓரளவு பத்திரமாக இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றோடு கட்டிவைத்த முடிச்சுதான் முதலில் தளர்கிறது.

இதைச் சோதனையில் பிரித்துக் காட்டியவர் மோஷே நவே-பெஞ்சமின் என்ற உளவியலாளர். 2000இல் வந்த அவருடைய கட்டுரையில் இருக்கும் உத்தி ரொம்ப எளிது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. தொடர்பில்லாத சொற்களை ஜோடி ஜோடியாகக் காட்டுகிறார்கள். நம் சொற்களில் குடை–ஆலமரம், தராசு–நிலா, செருப்பு–வெல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். முதலில் ஒற்றைச் சொல்: "தராசு" வந்ததா, "கத்தரிக்கோல்" வந்ததா? அடுத்தது ஜோடி: "தராசு–நிலா" சேர்ந்து வந்ததா, "குடை–வெல்லம்" சேர்ந்து வந்ததா? சூட்சுமம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. குடையும் பார்த்த சொல், வெல்லமும் பார்த்த சொல். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்ற உணர்வு இங்கே ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. எது எதோடு வந்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒற்றைச் சொல்லில் முதியவர்கள் இளைஞர்களை ஒட்டியே வந்தார்கள். ஜோடி என்று வந்ததும் இடைவெளி விரிந்துவிட்டது. 2004இல் அவருடைய குழு முகங்களையும் பேர்களையும் வைத்து இதையே செய்து பார்த்தது. முகம் தனியாகக் கேட்டால் சரி, பேர் தனியாகக் கேட்டால் சரி, இந்த முகத்துக்கு இந்தப் பேரா என்று கேட்டால் தடுமாற்றம். 2008இல் அவரும் சூசன் ஓல்டும் அதுவரை வந்திருந்த 90 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோதும், சொல்லோ படமோ முகமோ எதை எடுத்தாலும், தனி விஷயத்தை விட இணைப்பில்தான் வயதின் அடி பலமாக விழுந்திருந்தது. தனி விஷயமும் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, இந்த ஆய்வுகளில் "இளைஞர்கள்" என்றால் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், தினமும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிற கூட்டம். அவர்களோடு ஓய்வுபெற்ற ஒருவரை ஒப்பிடுவதில் ஒரு சின்ன அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே முதியவர் ஒற்றையில் நன்றாகவும் ஜோடியில் மோசமாகவும் செய்கிறாரே, அதை அந்த அநியாயத்தை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது.

ஜோடிகளை வைத்து ஞாபகத்தைச் சோதிப்பது புதிதல்ல. மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற அமெரிக்கப் பெண் உளவியலாளர் 1890களிலேயே இந்த முறையைக் கொண்டுவந்தார், 1945இல் வெளிவந்த வெக்ஸ்லர் நினைவுத் தேர்விலும் சொல் ஜோடிகள் உண்டு. புதிதாக வந்தது, ஜோடியில் தடுமாறுகிறார் என்றால் சொல் மறந்துபோய்த் தடுமாறுகிறாரா, சொல்லிருந்தும் கட்டு அவிழ்ந்ததாலா என்று பிரித்துப் பார்த்ததுதான்.

சரி, இதெல்லாம் கவனக்குறைவு என்று சொல்லக்கூடாதா? வீட்டில் நாம் உடனே சொல்வது அதைத்தானே, "சொல்லும்போது காதுல வாங்கினாத்தானே!" ஆய்வாளர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. இளைஞர்களுக்கு ஜோடிகளைக் காட்டும்போதே கூடவே இன்னொரு வேலையும் கொடுத்து அவர்களின் கவனத்தை வேண்டுமென்றே பிரித்தார்கள். ஞாபகம் விழத்தான் செய்தது, ஆனால் சொல்லும் ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்தன. முதியவர்களிடம் பார்த்த மாதிரி ஜோடி மட்டும் தனியாக அடிவாங்கவில்லை. ஆக, கவனம் சிதறிய 20 வயதுக்காரரும் 70 வயதுக்காரரும் ஒன்றல்ல. அப்பாவைத் திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூளைக்குள் பார்த்தால், காதுக்கு உள்பக்கமாக, இருபுறமும் ஆழத்தில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. முகம் ஒரு வழியாக வருகிறது, இடம் இன்னொரு வழியாக வருகிறது, பேச்சு வேறொரு வழியாக வருகிறது. இவையெல்லாம் ஒரே சம்பவத்தில் நடந்தவை என்று சேர்த்துக் கட்டுகிற வேலையில் இந்தப் பகுதிக்குத்தான் பெரிய பங்கு. இது வயோதிகத்தில் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது. "பார்த்த முகம்" என்ற வெறும் பரிச்சய உணர்வு பக்கத்திலிருக்கும் வேறு பகுதிகளை நம்பியிருக்கிறது, அவற்றுக்குச் சாதாரண முதுமையில் இவ்வளவு சேதமில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்கும் இதில் பங்குண்டு. இதை இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தி போடுவது அதுதான், அதுவும் வயதோடு மெலிகிறது. "இதை நினைவில் வையுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு வயதினருக்கும் இடையிலான இடைவெளி குறையாமல் இன்னும் கூடுவது இதனால்தான். இளைஞர்கள் உடனே குடையை ஆலமரத்தில் மாட்டி ஒரு படத்தை மனதில் வரைந்துவிடுகிறார்கள். முதியவர்களுக்கு அந்த யோசனை தானாக வருவதில்லை.

பேரும் முகமும் மறந்தால் சங்கடம் மட்டும்தான். முடிச்சு அவிழ்வதன் நிஜமான தொல்லையை நான் பார்த்தது மாத்திரை டப்பாவில்.

காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிட்ட பின் பிரஷருக்கு ஒன்று, இரவு கொழுப்புக்கு ஒன்று. இரண்டு வெள்ளை, ஒரே அளவு, மருந்துக்கடையில் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் அட்டையின் நிறமும் மாறிவிடும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதே ஒரு ஜோடிதான், ஆனால் அது பழகிவிடுகிறது. பழகாமல் நிற்பது வேறொன்று: "இன்னிக்குப் போட்டேனா?" மாத்திரை போட்ட ஞாபகம் அப்பாவுக்கு நன்றாகவே இருக்கிறது. டம்ளர், தண்ணீர், அட்டையைக் கிழித்த சத்தம், எல்லாம் இருக்கிறது. அது இன்றைய ஞாபகமா நேற்றையதா என்பதுதான் கேள்வி. முந்நூறு நாள் அதே மேஜையில் அதே டம்ளரில் செய்த ஒரு காரியத்தை "இன்று" என்பதோடு கட்ட வேண்டும், முந்நூறையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைக்க வேண்டும். ஹிப்போகேம்பஸுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு சிறு பகுதி, ஒரே மாதிரி இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிற வேலையைச் செய்கிறது. ஏற்கனவே காட்டிய ஒரு பொருளின் படத்துக்குப் பதிலாக அதைப் போலவே இருக்கும் வேறொன்றைக் காட்டினால், முதியவர்கள் "இதைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிடுவது இளைஞர்களை விட அதிகம். கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவதும் இந்த ரகம்தான். அணைத்த ஞாபகம் இருக்கிறது, தேதிதான் இல்லை.

முடிச்சு அவிழ்ந்து பரிச்சயம் மட்டும் தங்கினால் வரும் இன்னொரு ஆபத்தை 2005இல் ஸ்கர்னிக், யூன், பார்க், ஷ்வார்ஸ் ஆகிய நால்வர் செய்த ஆய்வு காட்டியது. உடல்நலம் பற்றிய சில கூற்றுகளை முதியவர்களிடம் காட்டி, இது உண்மை, இது பொய் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். சிலவற்றை ஒருமுறை சொன்னார்கள், சிலவற்றை மூன்று முறை. அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது, மூன்று முறை "பொய்" என்று கேட்டது நன்றாகவே நினைவிருந்தது. மூன்று நாள் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். மூன்று முறை பொய் என்று சொல்லப்பட்டவற்றைத்தான், ஒருமுறை சொல்லப்பட்டவற்றை விட அதிகமாக, உண்மை என்றார்கள். கூற்று நெஞ்சில் நின்றுவிட்டது, அதோடு கட்டியிருந்த "பொய்" என்ற சீட்டு மட்டும் கழன்று விழுந்துவிட்டது. கேட்ட மாதிரி இருப்பது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்!

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது வைத்தியக் குறிப்பு வந்தால் நான் முன்பெல்லாம் அதை அப்படியே மேற்கோள் காட்டி, "இது தப்பு, இதனால் சர்க்கரை நோய் குணமாகாது" என்று பத்து தடவை எழுதியிருக்கிறேன். இந்த ஆய்வைப் படித்தபின் என் மீதே சந்தேகம் வந்துவிட்டது. இப்போது தப்பைத் திருப்பிச் சொல்வதில்லை, எது சரியோ அதை மட்டும் சொல்கிறேன்.

ஆனால் முதுமையில் பசையே காய்ந்துவிடுகிறது என்று நினைத்தால் அதுவும் முழு உண்மையில்லை. டொராண்டோவில் கேரன் கேம்பல், லின் ஹேஷர், ரூத்தான் தாமஸ் மூவரும் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்தக் கதையைக் கொஞ்சம் கலைத்துப் போடுகிறது. படங்களைக் காட்டினார்கள், ஒவ்வொரு படத்தின் மேலும் சம்பந்தமில்லாத ஒரு சொல். சொல்லைக் கண்டுகொள்ளாதீர்கள், படத்தை மட்டும் பாருங்கள் என்பது உத்தரவு. பத்து நிமிடம் கழித்து படம்–சொல் ஜோடிகளைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அதில் சில, முன்பு ஒன்றாக வந்த அதே ஜோடிகள். இளைஞர்களுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை, உத்தரவுப்படி சொல்லை ஒதுக்கிவிட்டிருந்தார்கள் போல. முதியவர்களோ அந்தப் பழைய ஜோடிகளை மற்றவற்றை விட நன்றாகச் செய்தார்கள். ஒதுக்க வேண்டியதை ஒதுக்காமல், தங்களுக்கே தெரியாமல் படத்தையும் சொல்லையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. டாக்டர் அறையில் அவர் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டால் பாதிதான் வரும், ஆனால் அப்போது வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்ததையும் டாக்டரின் மேஜையில் ஒரு கண்ணாடி யானை இருந்ததையும் சொல்வார். கட்டாமல் விடுவதில்லை, தேவையானதும் தேவையில்லாததும் ஒரே கயிற்றில். நிறையக் கட்டிய மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் உருவுவதுதான் சிரமம்.

எந்த முடிச்சு நிற்கிறது என்று பார்த்தால், அர்த்தம் உள்ள முடிச்சு நிற்கிறது. ஆலன் காஸ்டெல் 2005இல் மளிகைப் பொருள்களையும் விலைகளையும் வைத்துச் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. சில பொருள்களுக்குக் கடையில் உள்ள மாதிரி நியாயமான விலை, சிலவற்றுக்குக் கன்னாபின்னா விலை. கன்னாபின்னா விலையை ஞாபகம் வைப்பதில் முதியவர்கள் பின்தங்கினார்கள். நியாயமான விலையில் இளைஞர்களுக்குச் சமமாக நின்றார்கள். பொருளும் விலையும் என்பது சுத்தமான ஜோடிதானே, அதில் எப்படிச் சமமானார்கள்? வாழ்நாள் முழுக்கக் கடைக்குப் போன அனுபவம் அந்த ஜோடிக்கு முட்டுக்கொடுக்கிறது. தொடர்பில்லாத சொற்களுக்குப் பதில் தொடர்புள்ள சொற்களை ஜோடியாகக் கொடுத்தாலும் இடைவெளி சுருங்குகிறது. தமாரா ரஹாலும் சக ஆய்வாளர்களும் 2002இல் செய்ததும் இந்த வரிசையில் வரும். ஒரு கூற்றை எந்தக் குரல் சொன்னது என்று கேட்டால் முதியவர்கள் தடுமாறினார்கள், ஆனால் அந்தக் குரலை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டிய "சொன்னது உண்மையா பொய்யா" என்பதைக் கேட்டால் தடுமாறவில்லை. யார் குரலாக இருந்தால் என்ன, நம்பலாமா கூடாதா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். இது மறதியா விவேகமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

பேர் ஏன் இவ்வளவு மோசமாக மறக்கிறது என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 1987இல் வந்த ஓர் ஆய்வு: ஒரு முகத்தைக் காட்டி, இவர் தொழில் ரொட்டி சுடுவது, அதாவது 'பேக்கர்' என்றால் நினைவில் நிற்கிறது. அதே முகத்தைக் காட்டி இவர் பேர் பேக்கர் என்றால் நிற்பதில்லை. சொல் ஒன்றுதான். தொழிலைச் சொன்னால் அடுப்பு, மாவு, அதிகாலை என்று பத்து கிளை முளைக்கிறது. பேருக்கு ஒன்றும் முளைப்பதில்லை. கணேசன் என்ற பேர் அந்த ஆளைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றுமில்லை. இது எல்லா வயதுக்கும் உள்ள சிக்கல், முதுமையில் இன்னும் கூடுகிறது.

நம் குடும்பங்களில் பேரைச் சொல்லி யாரை அடையாளம் காட்டுகிறோம்? டெல்லி பெரியப்பா, ரயில்வே மாமா, திருச்சி சித்தி, மாடி வீட்டு டீச்சர். புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் பேரைக் கேட்பதற்கு முன்பே "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும், என் பேர் முக்கியமில்லையா என்று. இப்போது பார்த்தால் அந்தப் பிள்ளையைத் தொங்கவிட அவர்கள் ஓர் ஆணி தேடியிருக்கிறார்கள். ஆணி கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். கல்யாணத்தில் பார்த்த அந்த மனிதர் விஷயமும் அப்படித்தான் முடிந்தது. பந்தி முடிந்து கை கழுவும்போது அவரே பக்கத்தில் வந்து, யாரிடமோ தன் பழைய தெருவின் பேரைச் சொன்னார். அவ்வளவுதான், அப்பா கொட்ட ஆரம்பித்துவிட்டார். அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார், மழைக்காலத்தில் அந்தத் தெருவில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தது, அவர்கள் வீட்டு நாய். பேர் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனால் முடிச்சு முழுக்க அறுந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. ஒரு நுனி கையில் கிடைக்க வேண்டியிருந்தது.

நோய் எது, வயது எது என்ற கேள்விக்கு இதிலிருந்து பாதி பதில்தான் கிடைக்கும். அல்சைமர் நோயிலும் ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகின்றன, அதனால் இணைப்பு நினைவு அங்கேயும் சீக்கிரம் அடிபடுகிறது. ஆனால் நுனி கொடுத்தும் வராமல் போவது, பலமுறை போன கடைக்கு வழி தெரியாமல் நிற்பது, அரை மணி நேரத்துக்கு முன் பேசியதே நடக்கவில்லை என்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பணம் எண்ணுவது மாதிரி பழகிய காரியங்கள் குழம்புவது, இவையெல்லாம் கல்யாண வீட்டுப் பேர் மறதியோடு சேர்த்தி இல்லை. அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், என்னைப் போன்றவர்களின் கட்டுரையை அல்ல.

என்ன செய்யலாம் என்று கேட்டால், உருப்படியாக ஒன்றிரண்டு உண்டு. நவே-பெஞ்சமினின் குழுவே 2007இல், ஜோடியாக வரும் சொற்களை வைத்து ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது அந்த வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள் என்று முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இடைவெளி கணிசமாகக் குறைந்தது. உத்தி தானாகத் தோன்றுவதில்லையே தவிர, சொல்லிக்கொடுத்தால் செய்ய முடிகிறது. வேளையும் முக்கியம். 1993இல் ஹேஷரின் குழு காட்டியபடி, முதியவர்களில் பெரும்பாலோர் காலை மனிதர்கள், சாயங்காலத்தை விடக் காலையில் அவர்களுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது. ஆய்வுகள் பலவும் மாணவர்களுக்கு வசதியான மதிய நேரத்தில் நடப்பவை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நடைப்பயிற்சி பற்றி 2011இல் ஒரு பெரிய செய்தி வந்தது: 120 முதியவர்களில் பாதிப் பேர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தார்கள், ஒரு வருடத்தில் அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. நடப்பது எப்படியும் நல்லதுதான், ஆனால் இந்த ஒரு ஆய்வை வைத்து மூளை வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

எங்கள் வீட்டில் பலித்தது இதெல்லாம் இல்லை, தினசரி நாட்காட்டி. கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அதை வாராவாரம் நிரப்ப யாருக்கும் ஞாபகமில்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தாள்: காலை மாத்திரை போட்ட பிறகுதான் தேதி கிழிக்க வேண்டும். சுவரில் இன்றைய தேதி தெரிந்தால் போட்டாயிற்று, நேற்றையது தெரிந்தால் போடவில்லை. இன்று நேற்று என்று பிரிக்கிற வேலையை ஹிப்போகேம்பஸிடமிருந்து பிடுங்கிச் சுவரில் மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் அப்பாவின் "இன்னிக்குப் போட்டேனா?" நின்றுவிட்டது, கோடை விடுமுறைக்குப் பேரன் வந்த வாரத்தைத் தவிர. தாத்தாவுக்கு முன்னால் எழுந்து, யாருக்கும் தெரியாமல் தேதி கிழித்துவிட்டு, அந்தத் தாளில் கப்பல் செய்து குளியலறை வாளியில் விட்டுக்கொண்டிருந்தான்.